மஜ்ஜைச் செல் ஒட்டவில்லையா, நெய்யவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரின் கெண்ட் ரிட்ஜ், புவன விஸ்தா, ஊட்ரம் வட்டார ஆய்வகங்களில் எலும்பு மஜ்ஜைச் செல்களை வளர்க்கும் தமிழ் இளையர்களை அடிக்கடி சந்திக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வேலைப் பயிற்சிக்கு வந்தவர்களும் உண்டு, முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்களும் உண்டு. சிக்கல் வந்தால் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "செல் சரியில்லை, அக்கா." உடனே அடுத்த குப்பியைத் திறக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன். மஜ்ஜை என்பது ஒருவர் இடுப்பெலும்பில் ஊசி குத்தக் கொடுத்துத் தந்த பொருள். காரணம் தெரியாமல் அதில் ஒரு குப்பியைக்கூட வீணாக்கக் கூடாது.

மேட்ரிக்ஸ் என்பது செல்லைச் சுற்றியுள்ள புரதப் பின்னல். மஜ்ஜைச் செல் அதோடு செய்யும் வேலை இரண்டு. ஏற்கெனவே இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வது ஒன்று. புதிதாகப் புரதத்தை உண்டாக்கி, வெளியே அனுப்பி, இழையாக நெய்துகொள்வது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு நேரத்தில் நடக்கின்றன, வேறு வேறு இடத்தில் கெடுகின்றன. பிடிப்பு முதல் இரண்டு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். நெசவுக்கு நாட்கள் ஆகும். உங்கள் சிக்கல் இவற்றில் எது என்று தீர்மானிக்காமல் எந்தக் கரைசலையும் மாற்றாதீர்கள்.

எந்தச் செல்லைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் தெளிவாக இருக்கட்டும். மஜ்ஜையில் நெய்கிற வேலையைப் பெரும்பாலும், அதன் தாங்குதிசுவான ஸ்ட்ரோமா செல்கள் செய்கின்றன. ஃபைப்ரோனெக்டின், கொலாஜனின் பல வகைகள், லாமினின், டெனாசின், புரோட்டியோகிளைக்கன்கள் ஆகிய மேட்ரிக்ஸ் பொருள்கள் அவற்றின் கைவேலை. இரத்த முன்னோடிச் செல்கள், அதாவது இரத்த அணுக்களாக முதிரப்போகும் செல்கள், அந்தப் பின்னலைப் பிடித்துக்கொண்டு அதற்குள் வாழ்கின்றன. பிடிப்பதற்கான கைகள் இன்டெக்ரின்கள். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு சங்கிலிகள் சேர்ந்தது ஓர் இன்டெக்ரின். ஃபைப்ரோனெக்டினுக்கு முக்கியமானவை இரண்டு. ஆல்ஃபா-5 பீட்டா-1, அந்தப் புரதத்தின் ஆர்.ஜி.டி. என்ற மூன்று அமினோ அமில வரிசையைப் பிடிக்கிறது. ஆல்ஃபா-4 பீட்டா-1, அதே புரதத்தில் வேறோர் இடத்தில் உள்ள சி.எஸ்-1 பகுதியைப் பிடிக்கிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒவ்வொரு சோதனையிலும் மூன்று ஒப்பீட்டுக் குழிகள் வேண்டும். செல்லே இல்லாமல் வளர்ப்பூடகம் மட்டும் ஊற்றிய குழி ஒன்று. சூடாக்கிய ஆல்புமினால் மூடிய, எதுவும் ஒட்டக் கூடாத குழி ஒன்று. பாலிலைசின் பூசிய குழி ஒன்று. பாலிலைசினில் செல் மின்னூட்டத்தால் ஒட்டும், அதற்கு இன்டெக்ரின் தேவையில்லை. பாலிலைசினில் ஒட்டி ஃபைப்ரோனெக்டினில் ஒட்டாத செல் உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு பிடிப்பில்தான். இரண்டிலும் ஒட்டவில்லை என்றால் முதலில் உயிருள்ள செல்களை எண்ணிப் பாருங்கள். இந்த மூன்று குழிகளும் இல்லாமல் என்னிடம் வந்து காரணம் கேட்பவர்களை இவற்றை வைத்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்புகிறேன்.

அறிகுறி: புதிய மஜ்ஜையைக் குடுவையில் விட்டு இரண்டு நாள் ஆகிறது, எதுவும் ஒட்டவில்லை

பெரும்பாலும் இது கோளாறே இல்லை. மஜ்ஜையின் ஒற்றைக்கரு வெள்ளணுக்களில் பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து இலட்சத்தில் ஒன்று வரைதான் குடுவையில் ஒட்டிக் கூட்டமாகப் பெருகும் ஸ்ட்ரோமா செல். குடுவை நிறைய மிதப்பவை சிவப்பணுக்களும் மற்ற வெள்ளணுக்களும். அவற்றுக்குக் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டியிருப்பவை கண்ணில் படுவதில்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு இலட்சம் செல் என்ற அடர்த்தியில் விட்டிருந்தால், மூன்றாம் நாள் மிதப்பவற்றை மெதுவாக அகற்றிப் புது ஊடகம் ஊற்றுங்கள். ஒரு வாரம் கடந்ததும் சிறு கூட்டங்கள் தெரியவேண்டும்.

அப்போதும் இல்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது குடுவை. நுண்ணுயிர் வளர்க்கும் சாதாரணப் பிளாஸ்டிக் தட்டும் செல் வளர்ப்புக்காகப் பதப்படுத்திய தட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முதல்வகை நீரை விலக்கும், செல்லை ஏற்காது. உறையில் உள்ளதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இரண்டாவது அடர்த்திப் பிரிப்பு. 1.077 அடர்த்தியுள்ள கரைசலின் மேல் மஜ்ஜையை விட்டு மையவிலக்கியில் சுழற்றும்போது, நிறுத்துவதற்கான பிரேக்கை அணைக்கவில்லை என்றால் இடையடுக்கு கலைந்துவிடும், வேண்டிய செல் அடியில் போய்விடும். மூன்றாவது மாதிரியே. ஒரே துளையிலிருந்து அதிக அளவில் உறிஞ்சி எடுத்த மஜ்ஜையில் சுற்றோட்ட இரத்தம் கலந்து, ஸ்ட்ரோமா செல்லின் பங்கு இன்னும் குறைந்திருக்கும். இதை ஆய்வகத்தில் சரிசெய்ய முடியாது. மருத்துவரிடமும் தாதியரிடமும் முன்கூட்டியே பேசி, முதலில் வரும் சில மில்லிலிட்டரைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். ஒப்புதலும் மாதிரியைக் கையாளும் முறையும் 2015 ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தின்படி முன்பே எழுதி முடிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அறிகுறி: செல்கள் ஒட்டியிருக்கின்றன, ஆனால் உருண்டையாகவே இருக்கின்றன

ஒட்டுவது வேறு, படர்வது வேறு. படர்வதற்கு இன்டெக்ரின்கள் குவிய வேண்டும், செல்லுக்குள் ஆக்டின் இழைகள் இழுபட வேண்டும், அதற்கு ஆற்றலும் வெப்பமும் தேவை. இன்குபேட்டரிலிருந்து எடுத்த தட்டைக் குளிர்சாதனம் ஓடும் அறையில் நுண்ணோக்கியின் கீழ் நீண்ட நேரம் வைத்துப் பார்த்தால், படர்ந்திருந்த செல்களே சுருங்கத் தொடங்கும். ஊடகத்திலிருந்து கரியமில வாயு வெளியேறி நிறம் ஊதாவை நோக்கிப் போகும். அதைப் பூச்சின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். தட்டைத் திரும்ப 37 டிகிரியில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இரத்தத்திலிருந்து பிரித்த திரவமான சீரம் உள்ள ஊடகத்தில் பூச்சே இல்லாமல் செல்கள் ஏன் படர்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், சீரம் இல்லாதபோது ஏன் படரவில்லை என்பது விளங்கும். சீரத்தில் ஃபைப்ரோனெக்டினும் விட்ரோனெக்டினும் இருக்கின்றன. பத்து சதவீதச் சீரத்தில் ஆல்புமின் நெருக்கித் தள்ளுவதால் ஃபைப்ரோனெக்டின் பிளாஸ்டிக்கில் சரியாகப் படிவதில்லை. விட்ரோனெக்டின் அந்தப் போட்டியைத் தாங்கிப் படிந்துவிடுகிறது. நாம் வெறும் பிளாஸ்டிக் என்று நினைப்பதன் மேல் செல் காணும் முதல் தளம் பெரும்பாலும் அதுதான். சீரத்தை நீக்கினால் அந்தத் தளமும் போகிறது, பூச்சை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பூச்சில் அடிக்கடி நடக்கும் தவறுகள் புரதத்துக்குப் புரதம் மாறும். ஃபைப்ரோனெக்டினைக் கலக்கும்போது வேகமாகக் குலுக்கினால் அது இழையிழையாகத் திரண்டு வீழ்ந்துவிடும். குப்பியில் வெண்ணிற நூல் போலத் தெரிந்தால் உங்கள் கணக்கிலுள்ள செறிவு கரைசலில் இல்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, குலுக்காமல், தானாகக் கரைய விடுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒன்று முதல் ஐந்து மைக்ரோகிராம் போதும். கொலாஜனை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்துப் பூசுகிறோம். அந்த அமிலத்தைக் கழுவி நீக்காமல் செல்லை விட்டால் செல் இறக்கும். லாமினினை அறை வெப்பத்தில் அவசரமாகக் கரைத்தால் குழாயிலேயே திரளத் தொடங்கும். இரவே இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டு மறுநாள் எடுங்கள்.

மென்மையான பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் உருண்டை நிற்கும் செல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2006 இல் எங்ளரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு தளத்தின் விறைப்பு மீது எல்லாருக்கும் ஆர்வம். ஒரு கிலோபாஸ்கலுக்கும் குறைந்த விறைப்புள்ள ஜெல்லில் மஜ்ஜைச் செல் நரம்பணு வடிவத்தையும், 25 முதல் 40 கிலோபாஸ்கலில் எலும்புச் செல்லின் தன்மையையும் காட்டும் என்று அது சொன்னது. இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் இயந்திர உயிரியல் ஆய்வுக் கழகம் 2009 இல் அமைந்த பிறகு அந்த ஆர்வம் இன்னும் கூடியது. ஆனால் அந்த ஜெல்லுக்குச் செல்லைப் பிடிக்கும் தன்மை கொஞ்சமும் கிடையாது. மேலே புரதத்தை வேதியியல் முறையில் பிணைத்தால்தான் செல் ஒட்டும். பிணைக்கும் வேதிப்பொருள் ஒளியிலும் நீரிலும் விரைவில் கெடும், கரைத்த உடனே பயன்படுத்த வேண்டும். எனவே உருண்டைச் செல்லைக் கண்டதும், மென்மையை உணர்ந்துவிட்டது என்று எழுதாதீர்கள். அதே நாளில், அதே கரைசலால் பிணைத்த விறைப்பான ஜெல் ஒன்றையும் வையுங்கள். அதிலும் உருண்டை என்றால் புரதம் பிணையவில்லை.

அறிகுறி: இரத்த முன்னோடிச் செல்கள் ஃபைப்ரோனெக்டினில் ஒட்டவில்லை

இந்த வழிமுறையில் அதிகம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. முன்னோடிச் செல்லின் மேற்பரப்பு அடையாளமான சி.டி.34 உள்ள செல்களைப் பிரித்தெடுத்து, நல்ல பூச்சின் மேல் விட்டு, கழுவியதும் பாதிக்கு மேல் போய்விடுகின்றன. பூச்சைக் குறை சொல்லத் தோன்றும். பெரும்பாலும் பூச்சு சரியாகவே இருக்கும்.

இன்டெக்ரின் இருப்பதும் அது வேலைசெய்யும் நிலையில் இருப்பதும் ஒன்றல்ல. செல்லின் மேற்பரப்பில் அது வளைந்து மூடிய நிலையில் இருக்கலாம், நிமிர்ந்து திறந்த நிலையிலும் இருக்கலாம். மூடிய நிலையில் எவ்வளவு ஃபைப்ரோனெக்டின் கொடுத்தாலும் பிடிப்பு வலுவாக இராது. ஸ்டெம் செல் காரணி, இன்டர்லூகின்-3 போன்ற வளர்ச்சிக் காரணிகள் முன்னோடிச் செல்களின் ஆல்ஃபா-4 பீட்டா-1, ஆல்ஃபா-5 பீட்டா-1 இரண்டையும் சிறிது நேரத்துக்குத் திறக்கச் செய்கின்றன. இரவெல்லாம் காரணி இல்லாமல் வைத்த செல் ஒட்டாததும், காரணி சேர்த்த செல் ஒட்டுவதும் இதனால்தான். சோதனைக்குச் சோதனை விடை மாறினால், செல்களை எடுப்பதற்கு முன் அவை எந்த ஊடகத்தில் இருந்தன என்று குறிப்பேட்டைப் பாருங்கள்.

திறக்கவில்லையா, இன்டெக்ரினே இல்லையா என்று பிரித்தறிய மாங்கனீசு உதவும். அரை முதல் ஒரு மில்லிமோலார் மாங்கனீசு இன்டெக்ரின்களை வெளியிலிருந்தே திறந்துவிடும். அதைச் சேர்த்ததும் செல் ஒட்டினால், இன்டெக்ரின் இருக்கிறது, மூடியிருந்தது. அப்போதும் ஒட்டவில்லை என்றால் சி.டி.49டி (ஆல்ஃபா-4), சி.டி.49இ (ஆல்ஃபா-5), சி.டி.29 (பீட்டா-1) எதிர்ப்பொருள்களால் ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளந்து பாருங்கள். மாங்கனீசைப் பாஸ்பேட் கரைசலில் போடாதீர்கள், வீழ்படிவாகப் போய்விடும். டிரிஸ் அல்லது ஹெப்பிஸ் கரைசலே சரி. ஈ.டி.டி.ஏ. எதிர்ப்பக்கச் சோதனை. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்வதால் இன்டெக்ரின் பிடி முழுவதும் விட்டுப்போக வேண்டும். ஈ.டி.டி.ஏ. சேர்த்தும் விடாமல் ஒட்டியிருக்கும் செல் வேறு ஏதோ வழியில் ஒட்டியிருக்கிறது. அந்த எண்ணிக்கையை விடையிலிருந்து கழித்துவிடுங்கள்.

அடுத்து வருவது நான் பலமுறை கேட்ட கேள்வி. "ஆர்.ஜி.டி. பெப்டைடு போட்டும் ஒட்டுதல் நிற்கவில்லையே, அக்கா, பெப்டைடு கெட்டுப்போனதா?" முதலில், நேர்ச்சங்கிலி ஆர்.ஜி.டி. பெப்டைடு வலுவற்றது. ஒரு மில்லிமோலாரை நெருங்கும் செறிவு தேவைப்படலாம். ஆர்.ஜி.ஈ. என்று ஓரெழுத்து மாறிய பெப்டைடைப் பக்கத்திலேயே ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும். அதன் பிறகும் ஒட்டுதல் நிற்கவில்லை என்றால், நான் மேலே நினைவில் வைக்கச் சொன்ன வேறுபாடுதான் காரணம். இரத்த முன்னோடிச் செல்லின் பிடியில் பெரும்பங்கு ஆல்ஃபா-4 பீட்டா-1 உடையதாக இருக்கலாம். அது சி.எஸ்-1 பகுதியைப் பிடிப்பதால் ஆர்.ஜி.டி. பெப்டைடால் அதைத் தடுக்க முடியாது. ஆல்ஃபா-4 க்கு எதிரான எதிர்ப்பொருளைச் சேர்த்துப் பாருங்கள், இரண்டையும் சேர்த்தும் பாருங்கள். இதே காரணத்தால், வாங்கிய பூச்சு ஃபைப்ரோனெக்டினின் ஒரு துண்டு மட்டும்தான் என்றால் அந்தத் துண்டில் சி.எஸ்-1 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரபணு மாற்றச் சிகிச்சைக்கான செல்களைத் தயாரிக்கப் பயன்படும் சி.எச்-296 என்ற துண்டில் ஆர்.ஜி.டி. பகுதியும் ஹெப்பாரின் பிடிக்கும் பகுதியும் சி.எஸ்-1 உம் மூன்றும் உள்ளன.

ஆல்ஃபா-4 இன் பங்கு தட்டில் மட்டும் காணும் வேடிக்கை இல்லை. 1993 இல் குரங்குகளுக்கு அதற்கு எதிரான எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது மஜ்ஜையிலிருந்த முன்னோடிச் செல்கள் இரத்தத்துக்கு வந்தன. பின்னாளில் நரம்புறை சிதைவு நோய்க்கு நட்டாலிசுமாப் பெற்ற நோயாளிகளின் இரத்தத்திலும் சி.டி.34 செல்கள் கூடியிருந்தன. பிடி விட்டால் செல் வெளியேறுகிறது. சிங்கப்பூரில் 1993 முதல் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு நடக்கிறது. தங்களோடு பொருந்தக்கூடிய கொடையாளருக்காகக் காத்திருக்கும் நம் சமூகத்தாரை நினைத்துப் பாருங்கள். கொடையாக வந்த செல் நோயாளியின் மஜ்ஜைக்குள் போய்த் தங்குவதும் இதே வகைப் பிடிப்புகளை நம்பித்தான். கழுவலில் போன பாதிச் செல்லை "சோதனைப் பிழை" என்று எழுதி மூடிவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம்.

சிவப்பணுவாக முதிரும் செல்கள் ஒட்டாமல் போவது மட்டும் இயல்பானது. தொடக்க நிலையில் ஃபைப்ரோனெக்டினைப் பிடிக்கும் அவை, முதிர முதிர அந்தப் பிடியை இழக்கின்றன. இரத்தத்துக்குள் போக வேண்டியவை ஒட்டிக்கொண்டே இருக்க முடியாது.

அறிகுறி: மரபணு வேலைசெய்கிறது, கொலாஜன் மட்டும் அடுக்கில் இல்லை

நெசவுப் பக்கத்துக்கு வருகிறோம். கொலாஜன்-1 இன் ஆர்.என்.ஏ. ஏராளம், ஆனால் செல் அடுக்கைச் சாயமேற்றினால் வெறுமை. இங்கே ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கொலாஜன் செல்லுக்குள் சிக்கியிருக்கிறதா, ஊடகத்தில் மிதக்கிறதா? இரண்டையும் தனித்தனியே எடுத்து, எதிர்ப்பொருளால் புரதத்தை அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் செய்தால் விடை கிடைத்துவிடும். அது தெரியாமல் எதைச் சேர்த்தாலும் குருட்டு வேலை.

செல்லுக்குள் சிக்கியிருந்தால் முதல் சந்தேகம் வைட்டமின் சி. கொலாஜன் சங்கிலியில் உள்ள புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றும் நொதிக்கு அஸ்கார்பிக் அமிலம் தேவை. அந்த மாற்றம் நடக்காத மும்முறுக்கு ஏறத்தாழ 24 டிகிரியிலேயே பிரிந்துவிடும். நம் ஆய்வக அறையில் குளிர்சாதனம் காட்டும் அதே எண். 37 டிகிரி இன்குபேட்டரில் அது முறுக்கிக்கொள்ளவே முடியாது, செல்லும் அதை வெளியே சரியாக அனுப்பாது. பெரும்பாலான அடிப்படை ஊடகங்களில் அஸ்கார்பிக் அமிலம் இல்லை. சாதாரண அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்த்தால் 37 டிகிரியில் விரைவில் சிதைகிறது, அளவு மிகுந்தால் ஊடகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது. எனவே நிலைத்து நிற்கும் அஸ்கார்பிக் அமில-2-பாஸ்பேட்டைப் பயன்படுத்துங்கள். 50 முதல் 200 மைக்ரோமோலார் வழக்கமான அளவு. ஊடகம் மாற்றும் ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டும். வாரத் தொடக்கத்தில் மட்டும் சேர்த்துவிட்டு வார இறுதியில் கொலாஜன் எங்கே என்று கேட்கக் கூடாது.

ஊடகத்தில் மிதந்தால் கதை வேறு. செல் அனுப்புவது புரோகொலாஜன். அதன் இரு முனைகளிலும் உள்ள துணைத்துண்டுகள் வெட்டப்பட்ட பிறகுதான் கொலாஜன் அடுக்கடுக்காகச் சேர்ந்து இழையாகும். சி-முனையை வெட்டும் நொதி செல்லைச் சுற்றி இருக்கிறது, ஆனால் உடலில் செல்லுக்கு வெளியே உள்ள நெரிசல் தட்டில் இல்லை. நீர்த்த ஊடகத்தில் நொதியும் புரோகொலாஜனும் ஒன்றையொன்று சந்திப்பது அரிது. வெட்டு மிக மெதுவாக நடக்கிறது, பெரும்பகுதி நீங்கள் ஊடகம் மாற்றும்போது கழிவுத் தொட்டிக்குப் போய்விடுகிறது.

இதற்குத் தீர்வு நம் ஊரிலேயே உருவானது என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ரகுநாத்தின் குழு, ஊடகத்தில் பெரிய மூலக்கூறுகளைச் சேர்த்து அந்த நெரிசலைத் தட்டிலேயே உண்டாக்கும் முறையை வளர்த்தெடுத்தது. ஃபைகால்-70 ஐ மில்லிலிட்டருக்கு 37.5 மில்லிகிராமும் ஃபைகால்-400 ஐ 25 மில்லிகிராமும் கலந்து சேர்ப்பது ஒரு வழி. 500 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் சல்பேட்டை மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சேர்ப்பது இன்னொரு வழி. டெக்ஸ்ட்ரான் சல்பேட் ஓரிரு நாளில் கொலாஜனைப் படியவைக்கும், ஆனால் படிவு மணிமணியாக இருக்கும். ஃபைகால் கலவை மெதுவானது, ஆனால் இழைப்பின்னல் போன்ற படிவைத் தரும். செல்கள் மேட்ரிக்ஸை எப்படிப் பிடிக்கின்றன என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை என்றால் ஃபைகாலையே சொல்வேன். அஸ்கார்பேட் இல்லாமல் நெரிசல் மட்டும் கொடுத்தால் பயனில்லை, இரண்டும் சேர்ந்தே வேண்டும்.

அளக்கும் முறையிலும் ஏமாற்றம் ஒளிந்திருக்கும். புரோகொலாஜனின் துணைத்துண்டை அடையாளம் காணும் எதிர்ப்பொருள், முழுமையாக வெட்டப்பட்ட கொலாஜனைக் காட்டாது. முறையாக முறுக்கிய கொலாஜன்தானா என்று அறிய, செல் அடுக்கை அமிலத்தில் பெப்சினோடு குளிரில் வைத்துவிட்டு ஜெல்லில் ஓடவிடுங்கள். மும்முறுக்கு பெப்சினைத் தாங்கி நிற்கும், மற்றவை சிதைந்துபோகும்.

அறிகுறி: ஃபைப்ரோனெக்டின் எங்கும் ஒளிர்கிறது, செல் இல்லாத குழியிலும்

அது சீரத்திலிருந்து வந்து படிந்த மாட்டின் ஃபைப்ரோனெக்டின். உங்கள் செல் நெய்தது எது என்று பிரிக்க, மனித ஃபைப்ரோனெக்டினை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் வேண்டும். ஆனால் மாட்டுச் சீரத்துக்குப் பதில் மனிதத் தட்டணுச் சாறு பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதுவும் உதவாது, அதிலும் மனித ஃபைப்ரோனெக்டின் இருக்கிறது. அப்போது ஈ.டி.ஏ. பகுதியைத் தேடுங்கள். செல்கள் நெய்யும் ஃபைப்ரோனெக்டினில் அந்தக் கூடுதல் பகுதி இருக்கலாம், இரத்தத் திரவத்தில் கல்லீரல் விடும் ஃபைப்ரோனெக்டினில் அது இராது. ஐ.எஸ்.டி-9 என்ற எதிர்ப்பொருள் அதைத்தான் காண்கிறது. இன்னொரு வழி, ஜெலட்டின் பிணைத்த மணிகளின் வழியே சீரத்தைச் செலுத்தி ஃபைப்ரோனெக்டினை நீக்கிவிடுவது.

படிந்ததா, நெய்யப்பட்டதா என்பது அடுத்த கேள்வி. செல் ஃபைப்ரோனெக்டினைப் பிடித்து இழுக்கும்போதுதான் அதன் மடிப்புகள் விரிந்து இழையாகப் பின்னிக்கொள்கிறது. இரண்டு சதவீத டிஆக்சிகோலேட்டில் செல்களைக் கரைத்தால் முதிர்ந்த இழை கரையாமல் தங்கும், மற்றது கரைந்துவிடும். கரைசல் டி.என்.ஏ.வால் பசைபோல் ஆகிவிடும், மெல்லிய ஊசியில் சில முறை இழுத்துவிடுங்கள். கரையாத பகுதி வெறுமையாக இருந்து, கரைந்த பகுதி நிறைய இருந்தால், செல் புரதத்தை உண்டாக்குகிறது, ஆனால் இழுக்கவில்லை. செல்லின் இழுவிசையைத் தடுக்கும் மருந்து எதையாவது சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உறைநிலையிலிருந்து எழுப்பும்போது உயிர்காக்கச் சேர்க்கும் ரோ-கைனேஸ் தடுப்பான் அப்படிப்பட்டது. அதை மறுநாளே நீக்கிவிட வேண்டும்.

அறிகுறி: ஊடகமே கூழாக உறைகிறது

தட்டணுச் சாற்றில் ஃபைப்ரினோஜன் உண்டு. ஊடகத்திலுள்ள கால்சியத்தோடு சேர்ந்தால் ஃபைப்ரினாக உறையும். செல்கள் தளத்தை விட்டு அந்த மிதக்கும் நாரில் தொங்கும். ஹெப்பாரின், மில்லிலிட்டருக்கு இரண்டு அலகு அளவில், சாற்றைச் சேர்ப்பதற்கு முன்பே ஊடகத்தில் இருக்க வேண்டும்.

அறிகுறி: நேற்று நன்றாக இருந்த அடுக்கு, இன்று ஓரத்திலிருந்து உரிந்து சுருள்கிறது

அஸ்கார்பேட்டோடு நெடுநாள் வளர்ந்த அடுக்கில் செல்கள் தங்களுக்குள்ளும் மேட்ரிக்ஸோடும் இறுகப் பிணைந்திருக்கும். தளத்தோடு உள்ள பிடியைவிட அந்த இழுவிசை மிகும்போது முழு விரிப்பாக உரியும். இது செல்லின் பலவீனமில்லை. ஊடகத்தைக் குழியின் சுவரோரமாக மெதுவாக விடுங்கள், முழுவதும் உறிஞ்சாமல் கொஞ்சம் விட்டுவையுங்கள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தை 37 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுங்கள். கழுவும் பாஸ்பேட் கரைசலில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கட்டும். அவை இல்லாத கரைசல், செல்லைப் பெயர்த்தெடுக்கும்போது மட்டும் பயன்பட வேண்டியது. நெடுநாள் சோதனைக்குத் தொடக்கத்திலேயே தளத்தில் புரதத்தை வேதியியல் முறையில் பிணைத்துவிடுவது இன்னும் நல்லது.

அறிகுறி: டிரிப்சினுக்குச் செல்கள் அசையவில்லை, அல்லது அசைந்தவை திரும்ப ஒட்டவில்லை

செல்லைத் தளத்திலிருந்து பெயர்க்க நாம் பயன்படுத்தும், புரதத்தை வெட்டும் நொதி டிரிப்சின். அசையவில்லை என்றால் சீரம் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். சீரத்தில் டிரிப்சினை முடக்கும் புரதங்கள் உண்டு, இருமுறை கழுவ வேண்டும். கழுவியும் விரிப்பாகவே நின்றால் இடையில் கொலாஜன் இருக்கிறது. முறுக்கிய கொலாஜனை டிரிப்சின் வெட்டாது. முதலில் கொலாஜனேஸ், பிறகு டிரிப்சின். திரும்ப ஒட்டவில்லை என்றால் டிரிப்சினில் அதிக நேரம் இருந்து மேற்பரப்புப் புரதங்களும் வெட்டுப்பட்டிருக்கும். ஒட்டுதலை அளக்கும் முன் ஊடகத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தேற விடுங்கள்.

எலி மஜ்ஜையில் வேறொன்றும் நடக்கும். எல்லாம் பெயர்ந்த பிறகும் சில செல்கள் மட்டும் பிடிவாதமாக நிற்கும். அவை பெரும்பாலும் மேக்ரோஃபேஜ்கள். எலி வளர்ப்பில் ஒட்டியவையெல்லாம் ஸ்ட்ரோமா செல் என்று நம்பி மேட்ரிக்ஸ் உற்பத்தியைக் கணக்கிட்டால் விடை முழுவதும் பிழையாகும். வெள்ளணுக்களின் அடையாளங்களான சி.டி.45, சி.டி.11பி இரண்டையும் அளந்து, அவை உள்ளவற்றை நீக்கிய பிறகே தொடருங்கள். மனிதச் செல்லுக்கு 2006 இல் வகுக்கப்பட்ட அளவுகோல் ஒட்டுதலை மட்டும் நம்பவில்லை. சி.டி.105, சி.டி.73, சி.டி.90 இருப்பதையும், சி.டி.45 போன்றவை இல்லாததையும், எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு என மூன்றாகவும் மாற முடிவதையும் சேர்த்தே கேட்கிறது.

அறிகுறி: செல்லை நீக்கியதும் மேட்ரிக்ஸும் போய்விட்டது

மஜ்ஜைச் செல்கள் நெய்த மேட்ரிக்ஸிலிருந்து செல்லை மட்டும் நீக்கி, அதன் மேல் புதிய செல்லை வளர்ப்பது பயனுள்ள முறை. எலி மஜ்ஜையில் அத்தகைய தளம் முன்னோடிச் செல்களைப் பெருக்குவதோடு அவை எலும்புச் செல்லாக மாறுவதையும் தடுத்து வைப்பதாக 2007 இல் சென் உள்ளிட்டோர் காட்டினார்கள். தோல்வியடைபவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டவர்கள். ஒரு வாரமே ஆன பின்னல் கழுவலைத் தாங்காது. அஸ்கார்பேட்டோடு இரண்டு வாரம் போல வளர விடுங்கள்.

அதன் பிறகு, செல் சவ்வைக் கரைக்கும் ட்ரைட்டான் அரை சதவீதமும் 20 மில்லிமோலார் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலை 37 டிகிரியில் ஊற்றி, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் செல்களின் உருவம் மறையும். மறைந்ததும் நிறுத்திவிடுங்கள், கடிகாரத்தை நம்பாதீர்கள். கரைசலை உறிஞ்சாமல், கால்சியமும் மெக்னீசியமும் உள்ள பாஸ்பேட் கரைசலை மெல்லச் சேர்த்து நீர்க்கச் செய்து, பாதிபாதியாக மாற்றுங்கள். அடியில் பசைபோல் நிற்பது டி.என்.ஏ. அதற்கு டி.என்.ஏஸ் நொதி போதும், வேகமாகக் கழுவத் தேவையில்லை. ஒரு குழியை ஃபைப்ரோனெக்டினுக்கும் ஒரு குழியைக் கருவுக்கும் சாயமேற்றிப் பாருங்கள். முதலாவது இழைகளோடும் இரண்டாவது வெறுமையாகவும் இருந்தால், மீதிக் குழிகளில் புதிய செல்லை விடலாம்.